47 நாள் மறுதொடக்கம் காணாத கணினி

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு என் மடிக்கணினியின் இயங்குதளமான லினக்ஸுக்குப் புதுப்பிப்பைத் தொடங்கினேன். திங்கட்கிழமை காலை ஓர் அகராதியின் மெய்ப்பை ஒப்படைக்க வேண்டும். 640 பக்கங்களில் 412ஆம் பக்கம் வரை வந்திருந்தேன். புதுப்பிப்பு முடிந்து, மறுதொடக்கம் செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, 'கர்னல் பேனிக்' என்ற வரியில் நின்றன. இயங்குதளத்தின் மையமான கர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள். ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் அடிப்படைப் பகுதியை) இணைக்க முடியவில்லை என்றும், 'அன்னோன் பிளாக் 0,0' என்றும் அதில் இருந்தது.

டிஸ்க் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடிவயிறு கலங்கியது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கணினிப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். அந்த நேரத்திலும் தொலைபேசியை எடுத்தார். "அண்ணா, இதில் மெனக்கெடாதீர்கள். டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுங்கள். அரை மணி நேர வேலை" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அலுவலகங்களில் அப்படித்தான் செய்வார்கள். அங்கே கோப்புகள் வேறோர் இடத்தில் இருக்கும். என் கோப்புகள் அந்த டிஸ்க்கிலேயே இருந்தன. "இல்லை தம்பி, முதலில் என்ன ஆயிற்று என்று பார்க்கிறேன்" என்றேன்.

அன்று இரவும் மறுநாளும் சேர்த்து நான்கு வெவ்வேறு கோளாறுகளைச் சந்தித்தேன். நான்கையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்தைத் தேடியிருந்தால் கோப்புகளை இழந்திருப்பேன். நான்கில் இரண்டு, புதுப்பிப்புக்கு முன்பே நான் உண்டாக்கி வைத்தவை. 47 நாளாக மூடியைச் சாத்துவதும் திறப்பதுமாகவே மடிக்கணினியைப் பயன்படுத்திவந்தேன். ஒருமுறைகூட மறுதொடக்கம் செய்யவில்லை. அதனால் அவை வெளியே தெரியவில்லை.

டிஸ்க் கோளாறு என்ற சந்தேகம் வந்துவிட்டால் சரிசெய்யும் வேலையைத் தொடங்கவே கூடாது. நகலெடுக்கும் வேலைதான் முதலில். நேரடியாக இயங்கும் லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்று என்னிடம் இருந்தது. அதிலிருந்து கணினியைத் தொடங்கி, டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை 'எஃப்' குறியுடன் கொடுத்தேன். எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி), அதில் என்ன கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கும் முறை), அதன் அடையாள எண் என்ன என்பதையெல்லாம் அது கிளை கிளையாகக் காட்டும், எதையும் மாற்றாது. 256 ஜிபி எஸ்எஸ்டியும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அவற்றின் பார்ட்டிஷன்கள் எல்லாமே இருந்தன. மூச்சு திரும்பியது.

ரூட் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்தேன். பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று இணைத்தாலும், ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டில் பாக்கி இருந்தால் கர்னல் அதை டிஸ்க்கில் எழுதி முடித்துவிடும். டிஸ்க் உண்மையிலேயே சாகக் கிடக்கிறது என்றால் அந்த எழுத்தும் ஆகாது. 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக் கோப்புறையையும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவற்றையும் 'ஆர்சிங்க்' கொண்டு வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தேன். மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையால் இரு டிஸ்க்குகளின் உடல்நிலையையும் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களும் இல்லை, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் இல்லை; எஸ்எஸ்டியும் தேறியது. பிறகு ரூட் பார்ட்டிஷனின் இணைப்பை நீக்கிவிட்டு 'இ2எஃப்எஸ்சிகே' கட்டளையை 'என்' குறியுடன் ஓடவிட்டேன். அந்தக் குறி இருந்தால் அது சோதிக்கும், திருத்தாது. பிழை ஒன்றும் இல்லை. இணைப்பில் இருக்கும் பார்ட்டிஷனில் இந்தக் கட்டளையைத் திருத்தும் முறையில் ஓடவிட்டால் நல்ல கோப்பு முறைமையும் குலைந்துபோகும். பதற்றத்தில் கை அங்கேதான் போகும், போகவிடக் கூடாது.

நகல் முடிந்தபோது மணி இரண்டு. இனி எது போனாலும் உழைப்பு போகாது என்ற நிலையில்தான் நிதானமாக யோசிக்க முடிந்தது.

டிஸ்க் நலமாக இருக்கிறது, பார்ட்டிஷனும் நலம். அப்படியென்றால் கர்னல் ஏன் ரூட்டைக் காணவில்லை என்கிறது? கர்னல் எழுந்ததும் டிஸ்க்கைத் தொட அதற்குச் சில டிரைவர்கள் தேவை. அவற்றைக் கட்டிக் கொடுக்கும் சிறிய மூட்டைக்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனி மூட்டை, தொடக்கக் கோப்புகளுக்கான /பூட் பார்ட்டிஷனில் இருக்கும். பென்டிரைவிலிருந்து அந்தப் பார்ட்டிஷனைத் திறந்து பார்த்தேன். நான்கு பழைய கர்னல்கள், நான்கு மூட்டைகள்; ஐந்தாவதாகப் புதிய கர்னல், அதற்கு மூட்டை இல்லை. 512 எம்பி பார்ட்டிஷன் முழுவதும் நிரம்பியிருந்தது. புதுப்பிப்பு ஓடியபோது 'இடமில்லை' என்று ஒரு வரி வந்திருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அது ஓடிப்போயிருக்கும். நான் பார்க்கவில்லை.

இதற்கு உடனடி வழி எளிது. கணினி தொடங்கும்போது எந்தக் கர்னலைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழைக்க வேண்டும்: புதிய யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் பொத்தான், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட். கூடுதல் விருப்பங்கள் என்ற வரிக்குள் பழைய கர்னல்கள் இருக்கும். நேற்றுவரை ஓடியதைத் தேர்ந்தெடுத்தேன். பேனிக் வரவில்லை.

ஆனால் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் நகரத் தொடங்கின. ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி; பக்கத்தில் விநாடி எண்ணிக்கை, எல்லை 1 நிமிடம் 30 விநாடி. அந்தத் தொண்ணூறு விநாடியும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் 'எமர்ஜென்சி மோட்' என்று அறிவித்து ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. சில லினக்ஸ் வகைகளில் ரூட் கணக்கே பூட்டப்பட்டிருக்கும். அங்கே உள்ளே விடாது, பென்டிரைவ் வழியாகத்தான் திருத்த வேண்டும். என்னுடையதில் கடவுச்சொல் வைத்திருந்தேன்.

உள்ளே போனதும் 'ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி' என்று தட்டச் சொல்கிறது திரை. அந்தப் பதிவைப் பொறுமையாகப் படியுங்கள். மேலிருந்து படித்தால் தலை சுற்றும். சிவப்பு வரிகளை மட்டும் தேடினால் போதும். எனக்கு வந்தது: ஹார்ட் டிஸ்க்குக்கான /டேட்டா என்ற இணைப்பு தோல்வி, அதைச் சார்ந்த மற்றவையும் தோல்வி.

எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பைத் திறந்தேன். /டேட்டா வரியில் இருந்த அடையாள எண்ணையும் எல்எஸ்பிஎல்கே காட்டிய எண்ணையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதினேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. மேலே இருந்தது 16 எழுத்து. கீழே இருந்தது இடையில் கோடுகளோடு 36 எழுத்து. 16 என்றால் அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை. 36 என்றால் எக்ஸ்ட்4 போன்றது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன், விண்டோஸ் இனித் தேவையில்லை என்று முடிவெடுத்து, ஹார்ட் டிஸ்க்கில் இருந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை அழித்து எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்தேன். பெயர் அதேதான், அளவும் அதேதான். ஆனால் ஃபார்மட் செய்யும்போது கோப்பு முறைமைக்குப் புதிய அடையாள எண் பிறந்துவிடும். அதன்பின் கோப்பு மேலாளரில் அந்த டிஸ்க்கைச் சொடுக்கித் திறந்தேன், திறந்தது. எல்லாம் சரி என்று விட்டுவிட்டேன். எஃப்எஸ்டாப் வரியைத் தொடவே இல்லை. அன்றே மறுதொடக்கம் செய்திருந்தால் அன்றே இந்தத் திரை வந்திருக்கும், காரணமும் ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

இந்தத் தவறு பலருக்கு நேர்வது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்து மாறிவிடும் என்பதால்தான் அடையாள எண்ணால் குறிக்கிறோம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கினாலோ ஃபார்மட் செய்தாலோ அந்த எண் செத்துவிடுகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் பார்ட்டிஷனுக்கும் இது பொருந்தும். அங்கே எமர்ஜென்சி மோட் வராது. ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு மேலே போகும். கணினி மெதுவாகிவிட்டது என்று பலர் புலம்புவது இதனால்கூட இருக்கலாம்.

எண்ணையும் கோப்பு முறைமை வகையையும் திருத்தினேன். பழைய வரியை அழிக்கவில்லை. முன்னால் ஒரு # குறி போட்டு, தேதி எழுதி வைத்தேன். 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எஃப்எஸ்டாப் முழுவதையும் படித்து, எந்த வரியில் உள்ள சாதனம் இல்லை, எந்த விருப்பம் தவறு என்று சொல்லிவிடும். பார்ட்டிஷனில் கை வைக்கும் ஒவ்வொருவரும் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். அதன் பிறகு 'மவுண்ட் -ஏ' கொடுத்தேன், /டேட்டா இணைந்தது. மறுதொடக்கம்.

இந்த முறை உள்நுழைவுத் திரை வந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டு, மறுபடியும் அதே உள்நுழைவுத் திரை. இன்னொரு முறை. மறுபடியும் அதே. கடவுச்சொல் தவறென்றால் தவறு என்று சொல்லும். இது ஏற்றுக்கொள்கிறது, டெஸ்க்டாப் எழுந்து உடனே விழுந்துவிடுகிறது. இந்தச் சுழலுக்குக் காரணங்கள் சில உண்டு. வீட்டுக் கோப்புறையில் உள்ள ஒரு கோப்பு ரூட்டின் உடைமையாக மாறியிருக்கலாம். கிராபிக்ஸ் டிரைவர் பொருந்தாமல் போயிருக்கலாம். எழுத இடமில்லாமல் இருக்கலாம். எதையும் ஊகிக்காமல் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். அங்கே உள்நுழைய முடிந்தது. மிச்ச இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -ஹெச்' தட்டினேன். ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம், மிச்சம் 0.

மிச்சம் 0 என்றாலும் ரூட் பயனரால் எழுத முடிந்தது. எக்ஸ்ட்4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைப்பதுதான் காரணம். 40 ஜிபி பார்ட்டிஷனில் அது 2 ஜிபி. சாதாரணப் பயனரான எனக்கு ஒரு பைட்கூட இல்லை; டெஸ்க்டாப் தன் சிறு கோப்புகளை எழுத முடியாமல் விழுந்தது. தொகுப்பு மேலாளரான ஆப்ட்டுக்கு 'ஆப்ட் கிளீன்' கொடுத்தேன். புதுப்பிப்புக்காக இறக்கிவைத்த தொகுப்புகள் நீங்கி 1.2 ஜிபி கிடைத்தது. டெஸ்க்டாப் வந்தது.

வந்ததும் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்தப் பார்ட்டிஷனில் வழக்கமாகப் பாதி காலியாக இருக்கும். எது தின்றது? 'டியூ' கட்டளையை, வேறு பார்ட்டிஷன்களுக்குள் நுழையாதபடி 'எக்ஸ்' குறியோடு ஓடவிட்டேன். கோப்புறைகளை எல்லாம் கூட்டினால் 20 ஜிபி. டிஎஃப் சொல்வது 37 ஜிபி. 17 ஜிபி எங்கே?

ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்துவிட்டால், கோப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த நிரல் மூடும்வரை இடம் மட்டும் திரும்பாது. அதுவாக இருக்குமோ என்று 'எல்எஸ்ஓஎஃப்' கொண்டு தேடினேன். இல்லை. இப்போதுதான் மறுதொடக்கம் செய்திருக்கிறேன், இருக்கவும் முடியாது. ஐநோடுகள், அதாவது கோப்புகளுக்கான பதிவு இடங்கள், தீர்ந்துவிட்டனவா என்று 'டிஎஃப் -ஐ' பார்த்தேன். அவையும் தாராளமாக இருந்தன. மேசையை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

நடக்கும்போது பிடிபட்டது. /டேட்டா என்பது ரூட் பார்ட்டிஷனில் உள்ள ஒரு வெற்றுக் கோப்புறை. அதன்மேல்தான் ஹார்ட் டிஸ்க் வந்து அமர்கிறது. அமர்ந்துவிட்டால் அடியில் இருப்பது மறைந்துவிடும். கடந்த 47 நாளாக ஹார்ட் டிஸ்க் அங்கே அமரவில்லை. நான் சொடுக்கித் திறந்ததால் அது வேறோர் இடத்தில் இணைந்திருந்தது. அப்படியானால் /டேட்டாவில் எழுதியவை எல்லாம் எங்கே போயிருக்கும்?

ரூட் பார்ட்டிஷனை இன்னொரு இடத்தில் 'மவுண்ட் --பைண்ட்' கொண்டு இணைத்தேன். அப்படி இணைத்தால் மேலே அமர்ந்திருக்கும் டிஸ்க் கூடவே வராது. அடித்தளம் அப்படியே தெரியும். உள்ளே டேட்டா கோப்புறையைத் திறந்தேன். ஆறு கோப்புறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றும் 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு.

அவை என் காப்பு நகல்கள். ஞாயிறுதோறும் என் வேலைக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். ஃபார்மட் செய்த நாளிலிருந்து ஆறு வாரம் அது ஹார்ட் டிஸ்க்குக்குப் போகவில்லை. மூலக் கோப்புகள் இருக்கும் அதே பார்ட்டிஷனில் நகலையும் வைத்து, அந்தப் பார்ட்டிஷனையும் நிரப்பியிருக்கிறது. எஸ்எஸ்டி அந்த நாட்களில் செத்திருந்தால் மூலமும் நகலும் சேர்ந்தே போயிருக்கும். அகராதி வேலையில் இரண்டாண்டு உழைப்பு அது. அந்த ஆறு தேதிகளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறைந்த கோப்புகளை உடனே அழிக்கவில்லை. ஆறையும் ஹார்ட் டிஸ்க்கின் உண்மையான இடத்துக்கு நகலெடுத்து, அளவும் எண்ணிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் நீக்கினேன். ரூட் பார்ட்டிஷன் பாதிக்குச் சற்று மேல் என்ற பழைய நிலைக்குத் திரும்பியது.

அடுத்தது /பூட். வழக்கமாக 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' பழைய கர்னல்களை நீக்கிவிடும். ஆனால் ஒரு தொகுப்பு பாதியில் நின்றிருந்தால் ஆப்ட் எதையும் செய்ய மறுக்கும். முதலில் அதைச் சரிசெய் என்னும். சரிசெய்ய இடம் வேண்டும், இடம் கிடைக்கக் கர்னலை நீக்க வேண்டும், நீக்க விடாது. இந்த முடிச்சை, ஆப்ட்டுக்கு அடியில் ஓடும் டிபிகேஜி கட்டளையால் நேரடியாக அவிழ்க்கலாம். முன்னதாக 'யூநேம் -ஆர்' தட்டி, இப்போது எந்தக் கர்னலில் இருக்கிறோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு மிகப் பழைய இரண்டை நீக்கினேன். பிறகு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்ததும் புதிய கர்னலுக்கான மூட்டை உருவாகியது, கிரப் பட்டியலும் புதுப்பிக்கப்பட்டது. /பூட் பார்ட்டிஷனுக்குள் புகுந்து கோப்புகளைக் கையால் அழிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இடம் கிடைக்கும். ஆனால் தொகுப்பு மேலாளரின் கணக்கும் டிஸ்க்கில் உள்ளதும் பொருந்தாமல் போய், அடுத்த புதுப்பிப்பில் வேறொரு சிக்கல் முளைக்கும்.

புதிய கர்னலில் கணினி எழுந்தது. திரை மட்டும் 1024க்கு 768 என்று ஊதிப்போய் இருந்தது, இரண்டாவது திரை இருண்டே கிடந்தது. மற்றவற்றைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ்ஸிடம் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கேட்டேன். கிராபிக்ஸ் டிரைவர் பழைய கர்னலுக்குக் கட்டப்பட்டிருந்தது, புதியதற்கு இல்லை. டிரைவரைக் கட்டத் தேவையான, புதிய கர்னலின் ஹெட்டர் தொகுப்பு நிறுவப்படாமல் நின்றதுதான் காரணம். அதை நிறுவி, 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுத்து மறுதொடக்கம் செய்ததும் இரு திரைகளும் ஒளிர்ந்தன. கையொப்பமில்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியாக இருந்தால் இந்த இடத்தில் டிரைவருக்குக் கையொப்பம் வேண்டும். அதற்கான சாவியைப் பதிய நீலத் திரை ஒன்று வரும். அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டால் டிரைவர் கட்டப்பட்டும் ஏறாது.

டெஸ்க்டாப்பில் அடிப்பட்டை தன் பழைய அமைப்பை இழந்திருந்தது. இடமில்லாத நேரத்தில் எழுத முயன்ற அமைப்புக் கோப்பு ஒன்று 0 பைட்டாகக் கிடந்தது. கான்ஃபிக் கோப்புறையில் 0 பைட் கோப்புகளைத் தேடி, அதை மட்டும் பெயர் மாற்றி வைத்துவிட்டு, பென்டிரைவ் காலத்தில் எடுத்த நகலைத் தேடினேன், அதிலும் 0தான். பட்டையைப் புதிதாக அடுக்கிக்கொண்டேன். சனிக்கிழமை இரவு 412ஆம் பக்கத்தைத் திறந்தேன்.

அதன்பின் சில ஏற்பாடுகளை மாற்றினேன். வாரம் ஒருமுறை மறுதொடக்கம். குறிப்பாக, பார்ட்டிஷனில் கை வைத்த அன்றே. புதுப்பிப்புக்கு முன் 'டிஎஃப் -ஹெச்' பார்த்து, ரூட்டிலும் /பூட்டிலும் இடம் இருக்கிறதா என்று உறுதிசெய்கிறேன். 'எஸ்எஃப்டிஸ்க் -டி' தரும் பார்ட்டிஷன் அட்டவணையையும் எல்எஸ்பிஎல்கே தரும் பட்டியலையும் வெளி டிஸ்க்கில் சேமித்திருக்கிறேன், ஒரு தாளிலும் அச்சிட்டிருக்கிறேன். எஃப்எஸ்டாப்பில் /டேட்டா வரிக்கு 'நோஃபெயில்' சேர்த்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழுந்துவிடும். ரூட்டுக்கோ வீட்டுக் கோப்புறைக்கோ இதைச் சேர்க்கக் கூடாது.

ஆனால் நோஃபெயில் போட்டதால், டிஸ்க் இணையாத நாளில் நகல் நிரல் மறுபடியும் அடித்தளத்தில் எழுதும் வாய்ப்பு கூடிவிட்டது. அதைத் தடுக்க இரண்டு பூட்டுகள். ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பை நீக்கிவிட்டு, வெறுமையாக இருக்கும் /டேட்டா கோப்புறைக்கு 'சிஹெச்ஆட்டர் +ஐ' கொடுத்தேன். இனி அதில் ரூட்டாலும் எழுத முடியாது, மேலே டிஸ்க் அமர்வதற்கும் தடையில்லை. நகல் நிரலின் முதல் வரியில் 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் நின்றுவிடச் செய்தேன். அடுத்த ஞாயிறு, வேண்டுமென்றே டிஸ்க்கைக் கழற்றிவிட்டு நிரலை ஓடவிட்டேன். இணைப்பு இல்லை என்று சொல்லி நின்றது. அந்தச் சோதனை வரியை நீக்கிவிட்டு மறுபடியும் ஓடவிட்டேன். அனுமதி இல்லை என்று /டேட்டா மறுத்தது. வரியைத் திரும்பச் சேர்த்து, டிஸ்க்கை இணைத்து மூன்றாம் முறை ஓடவிட்டேன். நான்கு நிமிடத்தில் நகல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.